பேக்ஸ்விங்குக்கு ஒரு ஃபிக்ஸ்ச்சர்

“ஏனுங்க, இது எந்தப் பம்புக்குங்க?”

ஆறுமுகம் இப்படிக் கேட்டபோது நான் அந்த இரும்பு வளையத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். காலை ஆறரை மணி இருக்கும். ஃபர்னஸ் இன்னும் சூடேறவில்லை. முந்தின நாள் வார்ப்பின் கருகல் வாசனை ஷெட்டுக்குள் அப்படியே கிடந்தது.

வளையம் ஆள் உயரம். ஒரு அங்குல பைப்பை வளைத்து, சாய்வாக நிறுத்தி, கால்களைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தோம். நான் நடுவில் குனிந்து நின்று, கோல்ஃப் மட்டையின் தண்டை வளையத்தின் மேல் உரசியபடியே பின்பக்கமாக ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில், தடுப்பாக வைத்த ஸ்டாப்பரில் ‘டங்’ என்று இடிக்கும். அங்கே நிறுத்தி, மறுபடி கீழே இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை.

“இது பம்புக்கில்லப்பா. எனக்கு.”

“அப்புடீங்களா” என்றார் ஆறுமுகம்.

ஆறுமுகம், பம்பு வார்க்கிற எங்கள் ஃபவுண்டரியின் மோல்டிங் மேஸ்திரி. ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறவர். வேறு ஊராக இருந்தால் முகத்துக்கு நேரே சிரித்திருப்பார். எங்கள் ஊரில் ‘அப்புடீங்களா’ என்று சொல்லிவிட்டு, மறைவாகப் போய்ச் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மணல் குவியலுக்குப் பின்னாலிருந்து நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

சென்ற வாரம், அன்னூர் ரோட்டில் ஃபவுண்டரி ஆரம்பித்த கதையை எழுதியிருந்தேன். ‘அந்தக் கூட்டாளி தாமோதரன் இப்போது உங்களோடு இருக்கிறாரா?’ என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் வளையத்திலிருந்து ஆரம்பித்தேன். எங்கேயோ போகிறேன் என்று நினைக்காதீர்கள். நானே அப்போது எங்கே போகிறேன் என்று தெரியாமல்தான் இருந்தேன்.

“செரிங்க”

தாமோதரன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், என் வீட்டில் தமிழ். அவருக்கு மரம், எனக்கு நெருப்பு. அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

இரும்பை உருக்கி ஊற்ற மணலில் ஒரு பள்ளம் வேண்டும். அந்தப் பள்ளத்தைப் பதிப்பதற்கு முதலில் மரத்தில் ஒரு அச்சு செதுக்குவோம். அதுதான் பேட்டர்ன். அதில் ஒரு நூல் பிசகினால், ஊற்றுகிற அத்தனையும் பிசகும். ஒரே ஒரு தடவை தவிர, தாமோதரன் செதுக்கிய பேட்டர்னில் நூல் பிசகி நான் பார்த்ததில்லை. உளியைக் கையில் எடுத்தால் அவருக்குப் பசி தெரியாது.

முப்பது வருஷம் ஆகியும் எங்களுக்குள் ‘வாங்க, போங்க’தான். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் பந்தி கவனிப்போம். ஆனால் மனதில் இருப்பதைக் கேட்கச் சொன்னால் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுவோம்.

காற்று பேயாய் அடிக்கிற ஒரு ஆடி மாதம். பெரிய பம்பு ஒன்றுக்கு அவர் செதுக்கிய பேட்டர்ன் தப்பாக வந்துவிட்டது. ஊற்றியது மொத்தமும் உடைத்து மறுபடி உருக்க வேண்டியதாயிற்று. ஃபர்னஸ் பக்கத்தில் நாள் முழுக்க நின்ற சூடு எனக்கு. தாமோதரன் ஷெட் வாசலில், இடது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றிருந்தார். கொஞ்ச நாளாகவே அவர் அப்படித்தான் நிற்கிறார் என்று எனக்குள் ஒரு எரிச்சல் இருந்தது.

“கையைப் பாக்கெட்டுல உட்டுக்கிட்டு வேடிக்கை பாத்துட்டு நின்னா, பேட்டர்ன் இப்புடித்தானுங்க வரும்!” என்று கத்திவிட்டேன். அத்தனை பேர் முன்னால்.

தாமோதரன் என்னைப் பார்த்தார். “செரிங்க” என்றார். காரில் ஏறிப் போய்விட்டார்.

இந்த ‘செரிங்க’ என்ற வார்த்தைக்கு எங்கள் பக்கத்தில் அர்த்தம் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. சம்மதம் என்றும் இருக்கலாம், இனி உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்றும் இருக்கலாம். அதற்குப் பிறகு அவர் ஷெட்டுக்குள் வரவே இல்லை. வாரம் ஒரு தடவை முன் ஆபீசில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் இருக்கிற கோல்ஃப் மைதானத்தில்தான் இருக்கிறார் என்று கேள்வி. பங்கைப் பிரித்துக்கொண்டு போகப் போகிறார் என்று ஊரில் இரண்டு பேர் என்னிடமே வந்து துக்கம் விசாரித்தார்கள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. அவர் இல்லாமல் ஃபவுண்டரி ஓடும். நான் ஓடமாட்டேன். இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ஒரு தடவை அவர் வீட்டுக்கே போனேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிரியப் போகிறீர்களா என்று நேரடியாகக் கேட்பதாக ஏற்பாடு. போனவுடன் இலை போட்டுவிட்டார்கள். சாப்பிட்டேன். தாமோதரன் கூட உட்காரவில்லை. “நான் அப்புறமேட்டுக்குச் சாப்படறனுங்க” என்று சொல்லிவிட்டார். மழை, தென்னைக்கு வந்த வெள்ளை ஈ, என் மாமியாரின் கண் ஆபரேஷன் எல்லாம் பேசினோம். அவர் வீட்டு அம்மணி கட்டிக்கொடுத்த முறுக்கோடு திரும்பி வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகூட என்னோடு சாப்பிட மனசில்லையா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

நாலு மணி நேரத்தில் நாலு வார்த்தை

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கோல்ஃப் ஒரு ஆட்டம் முடிய நாலு மணி நேரம் ஆகும் என்று யாரோ சொன்னார்கள். நாலு மணி நேரம் ஒரு மனிதனோடு நடந்தால் எப்பேர்ப்பட்ட ‘செரிங்க’வும் உடைந்துவிடாதா?

ஃபோன் போட்டேன். “நானும் ஆட வாரனுங்க.”

“வாங்க, வாங்க” என்றார் தாமோதரன். எங்கள் ஊரில் யாரும் ‘வராதீங்க’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ஆகையால் அதிலிருந்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. புல் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. மயில்கள் நாங்கள் வருவதைப் பொருட்படுத்தாமல் குறுக்கே நடந்தன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சில்லென்று வந்தது. நான் அடித்த முதல் பந்து நின்ற இடத்திலேயே நின்றது. மண் மட்டும் போயிற்று.

கோல்ஃபில் ஒரு சங்கடம் இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. அடித்த பிறகு அவரவர் பந்து விழுந்த இடத்துக்கு அவரவர் நடக்க வேண்டும். தாமோதரன் பந்து நேராக, அளவாகப் போய் நடுவில் விழும். என் பந்து வலது பக்கத்து முள்ளுக்காட்டுக்குப் போகும். அவர் நடுவில் நடப்பார். நான், மட்டைப் பையைத் தூக்கி வருகிற என் கேடியோடு முள்ளுக்குள் குனிந்திருப்பேன். நாலு மணி நேரத்தில் நாங்கள் பேசியது நாலு வார்த்தை. அதில் இரண்டு ‘பாத்துங்க, பாம்பு’.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. பந்தை நிறுத்தச் சின்ன மரக்குச்சி ஒன்றை மண்ணில் ஊன்றுவார்கள். எல்லாரும் தாங்களே குனிந்து ஊன்றுவார்கள். தாமோதரனுக்கு மட்டும் கேடி ஊன்றி, பந்தையும் வைத்துக் கொடுத்தார். இவர் பாக்கெட்டில் கையை விட்டபடி நிற்பார், எல்லாம் தயாரான பிறகு வந்து இரண்டு கையாலும் மட்டையைப் பிடிப்பார். ஓகோ, அவ்வளவு பெரிய மனுஷனாகிவிட்டாரா என்று நினைத்தேன். கோபம் வந்தது. கோபத்தில் அடுத்த பந்தும் முள்ளுக்குப் போயிற்று.

ஆக, அவரோடு பேச வேண்டுமானால் என் பந்து அவர் பந்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். கூட்டாளி என்னோடு இருப்பாரா பிரிவாரா என்பது என் கையில் இருக்கிற மட்டை எந்தப் பக்கம் போகிறது என்பதில் வந்து நின்றது. இதை வீட்டில் சொன்னேன். “உங்களுக்கு கிறுக்குப் புடிச்சுப்போச்சுங்க” என்றாள் என் மனைவி. மரியாதையாகத்தான் சொன்னாள்.

அக்குளில் துண்டு

ஷபானா அங்கே கோச். கோட்டைமேட்டுப் பெண், முப்பது வயது இருக்கும். பள்ளிக்கூட நாளில் ஹாக்கி ஆடியவள். ஐம்பத்தெட்டு வயது ஆளைப் பார்த்து அவள் பயப்படவில்லை. பயந்தது நான்தான்.

“சார், உங்க பிரச்சினை அடிக்கறதுல இல்லீங்க. அதுக்கு முன்னால இருக்குது. மட்டையைப் பின்னால கொண்டுபோறீங்கல்ல, அதுதான் பேக்ஸ்விங். அதை வெடுக்குன்னு தூக்கறீங்க. கையால தூக்கக்கூடாதுங்க. தோள் திரும்பணும். தோள் திரும்புனா கை தானா வரும்.”

பிறகு பயிற்சி. ஆயுசு பூரா தோளில் போட்ட துண்டை எடுத்து, நெஞ்சுக்குக் குறுக்கே கொடுத்து, இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொள்ளச் சொன்னாள். துண்டு விழாமல் மட்டையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். விழுந்தால் கை தனியாகப் போகிறது என்று அர்த்தம். எனக்கு விழுந்துகொண்டே இருந்தது.

அடுத்தது சுவர்ப் பயிற்சி. சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு அடி தள்ளி நின்று, மட்டை சுவரில் இடிக்காமல் ஏற்ற வேண்டும். இதை வீட்டில் செய்து பார்த்ததில் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மாட்டியிருந்த காலண்டர் கிழிந்தது. மூன்றாவது, மட்டையை மார்புக்குக் குறுக்கே கட்டிப் பிடித்துக்கொண்டு, இடது தோள் தாடைக்குக் கீழே வரும்வரை திரும்புவது. நாலாவது, உச்சியில் போய் மூன்று எண்ணும்வரை நிற்பது. மூன்று எண்ணுவதற்குள் எனக்கு ஃபவுண்டரி ஞாபகம் வந்து, எதற்காக மட்டையைத் தூக்கினேன் என்பதே மறந்துவிடும்.

போதாக்குறைக்கு யூடியூபைத் திறந்தேன். ஒருவர் இடது குதிகாலைத் தூக்கு என்றார். இன்னொருவர் தூக்கினால் தொலைந்தாய் என்றார். இடுப்பைத் திருப்பு என்று ஒருவர், இடுப்பைப் பூட்டு என்று ஒருவர். முட்டி, மணிக்கட்டு, மூச்சு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள். குனிந்து பந்தைப் பார்த்தால் எனக்குள் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

கேடியிடம் கேட்டேன். “ஏப்பா, எம்பட பேக்ஸ்விங் எப்புடி இருக்குது?”

“செரியாத்தானுங்க இருக்குது. பந்துதான் ஒத்துவர மாட்டேங்குது” என்றார் அவர்.

இந்த ஊரில் ஒருவனுடைய தப்பை அவனிடம் யார் சொல்வார்கள்? அன்றைக்கு மிகவும் நொந்துபோனேன்.

பேட்டர்ன் எடுத்தேன்

ஷபானா தங்கச்சி கல்யாணத்துக்காக ஒரு மாதத்துக்கு மேல் லீவில் போனாள். நான் தனியாக விடப்பட்டேன். அப்போதுதான் என் புத்தி அதன் பழைய வழிக்குத் திரும்பியது.

ஒரு சாமான் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரவேண்டுமானால் கோயமுத்தூர்க்காரன் யோசிக்கமாட்டான். சாமானை அசையாமல் பிடித்து வைக்க ஒரு ஃபிக்ஸ்ச்சர் பண்ணிவிடுவான். ஓட்டை ஒரே இடத்தில் விழ ஒரு ஃபிக்ஸ்ச்சர், வெல்டிங் கோணாமல் இருக்க ஒரு ஃபிக்ஸ்ச்சர். தோளுக்கு மட்டும் ஏன் கூடாது?

ஃபிக்ஸ்ச்சருக்கு முன்னால் ஒரு நல்ல மாதிரி வேண்டும். யாரை எடுப்பது? யார் பந்துக்குப் பக்கத்தில் என் பந்து விழ வேண்டுமோ, அவரைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மயிலைப் படம் பிடிப்பதாகப் பாவனை செய்து, தாமோதரன் அடிப்பதை ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுத்தேன். ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து, அதை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி, பேத்தியின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்துத் திரைமேல் வைத்து அளந்தேன்.

அவருடைய பேக்ஸ்விங் யூடியூப்காரர்களுடையதைப் போல் இல்லை. மட்டை தலைக்கு மேலே போகவே இல்லை. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் நின்றது. தோள் பெரிதாகத் திரும்பவும் இல்லை. எல்லாமே மெதுவாக, சிக்கனமாக இருந்தது. ஆகா, இதுதான் ரகசியம் என்று நினைத்தேன். பந்து நேராகப் போவதற்குக் காரணம் இதுதான். அவர் பேட்டர்ன் செதுக்குகிற அதே சிக்கனம்.

அந்தக் கோணத்தில் வளையத்தைச் சாய்த்தேன். அவர் கை எங்கே நிற்கிறதோ, அங்கே ஒரு ஸ்டாப்பரை வெல்டு செய்தேன். அதற்கு மேல் மட்டை போக முடியாது. ஆறுமுகம் ‘இது எந்தப் பம்புக்கு’ என்று கேட்டது அந்த வளையத்தைத்தான்.

ஒரு மாதம், தினமும் இருநூறு. ஞாயிற்றுக்கிழமை முள்ளுக்காட்டில் தேடுவது குறைந்தது. பந்து தூரம் போகவில்லை, ஆனால் நேராகப் போக ஆரம்பித்தது.

ஷபானா பேச்சை நிறுத்தினாள்

லீவு முடிந்து வந்த ஷபானா என்னை ஒரு பந்து அடிக்கச் சொன்னாள். அடித்தேன். இன்னொன்று அடிக்கச் சொன்னாள். பக்கத்தில் வந்து நின்றாள்.

“சார், இடது கையில ஏதாவது அடிபட்டுச்சுங்களா?”

“இல்லீயே அம்மணி. ஏன்?”

“தோள் திரும்பவே இல்லீங்க. கை பாதியில நின்னுபோகுது. ஒடம்புக்கு முடியாதவங்க ஆடற மாதிரி இருக்குதுங்க.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “தாமோதரனோட பேக்ஸ்விங்கை அப்புடியே எடுத்திருக்கறேன் கண்ணு. டிகிரி கணக்குல” என்றேன்.

அவள் முகம் மாறியது. “அவரு ஆடறது அவரு ஒடம்புக்குங்க சார். உங்களுக்கு எதுக்குங்க அது?” என்று சொன்னவள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “பந்தை எடுத்து வைங்க சார்” என்றாள். எத்தனை தடவை கேட்டும் வேறு ஒரு வார்த்தை வரவில்லை.

தாமோதரன் உடம்புக்கு என்ன? தோள்வலியா? தோள்வலி என்றால் ஏன் மறைக்க வேண்டும்? தோள்வலிக்காரர் ஏன் வாரம் மூன்று நாள் கோல்ஃப் ஆட வேண்டும்? பங்கைப் பிரிப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கார் ஓட்டிக்கொண்டு திரும்பியபோது அன்னூர் ரோட்டுக்குத் திரும்பாமல் அவினாசி வரைக்கும் போய்விட்டேன்.

பக்கத்தில் விழுந்த பந்து

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேர் மட்டும். அந்த மாதிரி அடிக்கக் கூடாது, தோளைத் திருப்ப வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் ஒரு மாதமாக இரும்பில் இடித்துப் பழகிய உடம்பு யார் சொல்வதைக் கேட்கும்? மட்டை பாதி ஏறி, ஸ்டாப்பர் இல்லாத இடத்தில், தானாக நின்றது. பந்து நேராகப் போய் அவர் பந்துக்குப் பத்தடியில் விழுந்தது.

முதல் தடவையாக இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். எவ்வளவு நாளாகக் காத்திருந்த நடை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பந்தும் அதே மாதிரி விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது.

தாமோதரன் நின்றுவிட்டார்.

“என்னங்க, கேலி பண்றீங்களா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னதுங்க?”

“உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு போலன்னு நெனச்சேன். தெரிஞ்சா வந்து கேப்பீங்கன்னு நெனச்சேன். இப்புடி ஆடிக் காட்டுவீங்கன்னு நெனக்கலீங்க.” குரல் உயரவில்லை. கேடியைக் கூப்பிட்டுப் பையைத் திருப்பச் சொன்னார்.

அவர் போய்விடுவார் என்று பயந்துபோனேன். இந்தத் தடவை போனால் திரும்பமாட்டார். ஃபோனை எடுத்து, ஷெட்டில் நிற்கிற வளையத்தின் படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

வலது கையால் வாங்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். தொழில்காரர் அல்லவா, வெல்டிங்கைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இந்த ஸ்டாப்பர் எதுக்குங்க?”

“அங்கதானுங்க நீங்க நிறுத்தறீங்க. வீடியோவுல அளந்தேன். உங்க பந்து பக்கத்துல எம்பட பந்து உழுந்தாத்தான பேச முடியும்…”

“நான் நிறுத்தறதில்லீங்க” என்றார் தாமோதரன். “நின்னுபோகுது.”

பிறகு படத்தை மறுபடி பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். “எம்பட வியாதிக்குப் போயி ஃபிக்ஸ்ச்சர் பண்ணியிருக்கறீங்களே!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இடது கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தார்.

கை நடுங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல ஆடிக்கொண்டே இருந்தன.

ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்தோம். பின்னால் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிக் கையைக் காட்டினோம். அவர்கள் எதையும் பார்க்காதவர்களாக வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

“பார்க்கின்சன்னு பேரு. ரெண்டு வருசமாச்சுங்க. மாத்திரை சாப்படறேன். சும்மா இருந்தா ஆடுது. எதையாச்சும் கெட்டியாப் புடிச்சா கொஞ்சம் நிக்குது. மட்டையைப் புடிச்சுட்டா நெம்ப நேரம் நிக்குது. அதுக்குத்தான் இங்கியே சுத்திக்கிட்டிருக்கறேன்.”

“உளி?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“உளிக்கு நிக்கலீங்க. அன்னைக்கு அந்தப் பேட்டர்ன் அதனாலதான் போச்சு. நீங்க சொன்னது நெசந்தானுங்க. கை பாக்கெட்டுலதான் இருந்துச்சு.”

அதற்கு மேல் நான் அவரைப் பேசவிடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள் அது ஆடிக்கொண்டே இருந்தது. முப்பது வருஷத்தில் அவர் கையை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. அத்தனை பேர் முன்னால் அப்படிக் கத்தியவனை நானே மன்னிக்கமாட்டேன் என்று சொன்னேன். அவர் மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கேட்டேன். “பங்கைப் பிரிச்சுக்கப் போறீங்களாங்க?”

“நானா?” அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். “நடுங்கற கையை வெச்சுக்கிட்டு ஆளுக முன்னால நிக்க வெக்கமா இருந்துச்சுங்க. இனி உங்களால ஆகாதுன்னு நீங்களே ஒரு நாளைக்குச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்களும் சொல்லலை.”

அவர் நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். ஆடியிலிருந்து பங்குனி வரைக்கும் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

“நாளைக்கு ஷெட்டுக்கு வாங்க. கையை வெளிய வெச்சுட்டே வாங்க” என்றேன்.

“ஆளுக பாப்பாங்க.”

“பாக்கட்டுமுங்க.”

“செரிங்க” என்றார். வருவாரா மாட்டாரா என்று இந்தத் தடவையும் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை

பத்து மணிக்கு வந்தார். கார் நின்ற சத்தம் கேட்டதும் வாசலைப் பார்த்தேன். ஷெட்டுக்குள் இருபது பேர். இரண்டு கையையும் தொங்கவிட்டபடி, மெதுவாக, வாசலிலிருந்து உள்ளே நடந்து வந்தார். இடது கை ஆடியது, அவர் மறைக்கவில்லை. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மணலை இடிக்கிறவர் இடித்தார், சலிக்கிறவர் சலித்தார்.

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேஜையில் இருந்த பேட்டர்னை வலது கையால் தடவிப் பார்த்தார். ஒரு இடத்தில் விரலை நிறுத்தி, “இங்க ஒரு நூல் ஜாஸ்தி” என்றார். அளந்து பார்த்தேன். ஒரு நூல் ஜாஸ்தியாகத்தான் இருந்தது.

பதினோரு மணிக்கு ஆறுமுகம் டீத் தட்டோடு வந்தார். அந்த வேலை அவருடையது அல்ல. அன்றைக்கு அவரே தூக்கி வந்தார். முதலில் தாமோதரனிடம் நீட்டினார். தாமோதரன் ஒரு நொடி தயங்கி, இடது கையாலேயே டம்ளரை எடுத்தார். டம்ளர் ஆடியது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. டம்ளரில் பாதிதான் டீ இருந்தது.

அடுத்தது என்னுடையது. அதிலும் பாதிதான். ஃபர்னஸ் அருகே நின்றவருக்கும், மோல்டர்களுக்கும், மணல் சலிக்கிறவருக்கும், தட்டில் இருந்த இருபது டம்ளரிலும் பாதிப் பாதிதான்.

“என்ன ஆறுமுகம், டீ…” என்று ஆரம்பித்தேன். ஆறுமுகம் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அப்படியானால் இவர்களுக்கு எத்தனை நாளாகத் தெரியும்? நான் கத்திய அன்றைக்கே தெரியுமா? கூடவே இருந்த எனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று? இன்று வரை கேட்கவில்லை. கேட்டாலும் ‘அப்புடீங்களா’ என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் ஃபவுண்டரியில் இப்போதும் எல்லாருக்கும் அரை டம்ளர்தான். வேண்டுமென்றால் இரண்டாவது தடவை வாங்கிக் குடித்துக்கொள்கிறோம்.